தட்டைப்படகு செய்யப் போறீங்களா, 'மரைன் பிளை'ன்னு சொன்னதும் பணத்த எடுத்து நீட்டாதீங்க

திருத்துறைப்பூண்டி பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அடி தட்டையா 12 அடியில ஒரு படகு வீட்டு வாசல்லயே செய்யணும், ரெண்டு பேர் போய் வலை வீசணும், அப்படியே நாலு மடையான் கொக்கு அடிச்சாலும் தேவலை, ஆசாரி 19 எம்எம் பலகை வாங்குங்கறார், கடைக்காரர் தண்ணி தாங்கற பிளைவுட்னு ஒன்னைக் காட்டி 'மரைன் பிளை சார், உங்க பேரன் ஓட்டுவான்'ங்கறார், ஒழுகாம இருக்குமா?

முதல்ல அந்த 19 எம்எம் வேணாம். கட்டிலும் பத்தாயமும் செஞ்ச கை, கனமா இருந்தாத்தான் உறுதின்னு நினைக்கும், ஆசாரியச் சொல்லிக் குத்தமில்ல. 8க்கு 4 தாள் ஒன்னு 19 எம்எம்ல சுமார் 40 கிலோ, 9 எம்எம்னா அதுல பாதிகூட வராது. அடிக்கு 9, பக்கத்துக்கு 6, மூணு தாள்ல முடிஞ்சுடும். தாள் 8 அடிதாங்கறதால ஒட்டு போட்டுத்தான் ஆகணும், ஒட்டு வர்ற எடத்துல உள்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு அதே பிளைல பட்டை வச்சு ஒட்டிடுங்க. தாங்குமான்னு பயப்படாதீங்க, அடி 3 அடி அகலம், 10 அடி நீளம் தண்ணியில உக்காந்தா, 4 இன்ச் முங்கும்போது 10 கன அடி, கன அடிக்கு 28 கிலோ, ஆக 280 கிலோ. முனை குறுகறதுக்குக் கொஞ்சம் கழிச்சாலும் ரெண்டு ஆளு, வலை, படகோட எடை எல்லாம் அடங்கிடும்.

இப்ப பலகைக்கு வருவோம், ஏமாத்து வேலை நடக்கறதே இங்கதான். 'மரைன்'ங்கறது கடையில வாய்க்கு வந்த பட்டம் மாதிரி ஆயிடுச்சு. தாள் மேல ஐஎஸ் 710னு, அதாவது மரைன் பிளைக்கான இந்தியத் தர எண்ணோட, முத்திரை இருக்கணும், கூடவே லைசன்ஸ் நம்பர் இருக்கும், அதை அந்த முத்திரை கொடுக்கற தர நிர்ணய ஆபீஸோட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா கம்பெனி பேரு வரும், தாள்ல இருக்கற பேரும் அதுவும் ஒன்னான்னு கடையில நின்னுக்கிட்டே பாருங்க. கடைக்காரர் மூஞ்சி சுருங்குனா வெளிய வந்துடுங்க. ஏடுகளுக்கு நடுவுல பசைக்கோடு கருப்பா இருக்கு, நல்ல பசை பாருங்கன்னு காட்டுவாங்க, சாயம் கலந்தா எல்லாமே கருப்புதான். முத்திரையெல்லாம் இருந்த தாளையே வாங்கி நான் ஒரு தடவ ஏமாந்தேன், ரெண்டாவது மழைக்கு அப்பளம் மாதிரி உப்பிடுச்சு, அன்னைக்கு நம்பரைத் தட்டிப் பாக்கல, என் புத்தி. கூட வர்ற ஆளுக்குக் கடையில கமிஷன் போகுதான்னும் கவனிங்க, தனியா ஒரு தடவ போய் விலை கேட்டாலே தெரிஞ்சுடும்.

துண்டு ஒன்னு கேட்டு வாங்கிட்டு வந்து பழைய டின்ல போட்டு விறகடுப்புல 8 மணி நேரம் கொதிக்க விடுங்க, சமையல் பாத்திரம் வேணாம். 710 தாள் 72 மணி நேரம் கொதிச்சாலும் பிரியக்கூடாதுங்கறது விதி, 8 மணி நேரத்துலயே ஏடு ஏடா பிரிஞ்சா அது சட்டம் போட்டு சுவத்துல மாட்டத்தான் ஆகும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. சாதா பிளைவுட்டுக்கான ஐஎஸ் 303 தரத்துல பிடபிள்யூஆர்னு, கொதிதண்ணி தாங்கற ரகம் ஒன்னு வரும், விலை கம்மி. நீங்க குளத்துல மட்டும் ஓட்டி, சாயங்காலம் தூக்கிட்டு வந்து நிழல்ல கவுத்துப் போடுவீங்கன்னா, உள்ளயும் வெளியயும் எபாக்சி, அதான் ரெண்டு டப்பா கலந்து பூசற தண்ணி புகாத பசை, பூசி, முக்கியமா வெட்டுன ஓரத்துக்கெல்லாம் மூணு கை கொடுத்து, ஸ்குரூ ஓட்டையையும் அடைச்சா, அது போதும். ஆனா தூக்கிட்டு வரணும். தூக்க சோம்பேறித்தனம் பட்டு ராத்திரி தண்ணியிலயே கட்டிப் போடறவர்னா வேணாம், நாலு நாள் தூக்கிட்டு அஞ்சாம் நாள் விடறவரும் அந்தக் கணக்குதான். முத்துப்பேட்டை உப்புத்தண்ணிப் பக்கம்னா பேச்சே இல்ல, 710தான்.

ஃபைபர் படகு பட்டறையில மிச்சம் இருக்கற பாலியஸ்டர் ரெசினை மலிவா தர்றேம்பாங்க, மரத்துல அது எபாக்சி அளவுக்குப் பிடிக்காது, ஓரத்துலேருந்து உரியும். வெள்ளைப் பசையும் இரும்பு ஆணியும் படகுப் பக்கமே வரக்கூடாது, துருப்பிடிக்காத எஸ்எஸ் ஸ்குரூ போடுங்க.

மடையான் விஷயம். 1972 வனவிலங்கு சட்டத்துல கொக்கு, நாரை, மடையான் எதையும் தொடக்கூடாது, பக்கத்துலயே உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம் இருக்கு, துப்பாக்கி, கண்ணி எதுவும் படகுல ஏத்தாதீங்க, கேஸ் ஆனா படகும் போகும். மீனுக்கும் குளம் யார் குத்தகைன்னு கேட்டுட்டு எறங்குங்க. அதைக் கேக்கப் போனா இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் காட்டும், அங்க போனா சாப்பாட்டு நேரம்பான், நானே மூணு நாள் அலைஞ்சிருக்கேன், அந்த எரிச்சல்லதான் புரோக்கர் பொழைக்கறான். 'லைசன்ஸ் நான் வாங்கித் தர்றேன்'னு வர்றவன்கிட்ட பத்து பைசா கொடுக்காதீங்க, மனுவா எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க.

வழக்கமா ஜூன் 12 மேட்டூர் திறப்பு, வாய்க்கால் காஞ்சு கெடக்கற மாசத்துலயே வேலைய முடிங்க. தண்ணி வந்ததும் ஷட்டர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, தட்டைப்படகை அது இழுத்துக்கும். ஒழுகுமான்னு கேட்டீங்களே, எபாக்சி ஒரு வாரம் காஞ்சப்புறம் படகை செங்கல் மேல வச்சு உள்ள நாலு குடம் தண்ணி ஊத்துங்க, அடியில படுத்துப் பாத்து சொட்டற எடத்துல சாக்பீஸால வட்டம் போடுங்க, காய வச்சு அந்த எடத்துல மட்டும் திரும்பப் பூசுங்க.