புளூடூத் ஸ்பீக்கர்: எதில் சார்ஜ் போடலாம், எப்போது போடவே கூடாது?

கேள்வி: மகன் வாங்கிய ஸ்பீக்கரின் பெட்டியில் கேபிள் மட்டும்தான் இருந்தது, சார்ஜர் இல்லை. அடியில் '5 வோல்ட், 1 அம்பியர்' என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருப்பது 65 வாட் போன் சார்ஜர். அதில் போட்டால் பற்றரி வெடிக்கும் என்கிறார்கள். உண்மையா? (உவர்மலை வாசகி)

பதில்: வெடிக்காது. 65 வாட் என்பது அந்தச் சார்ஜரால் கொடுக்க முடிந்த உச்ச அளவு. எவ்வளவு எடுப்பது என்பதை ஸ்பீக்கருக்குள் இருக்கும் சார்ஜிங் சிப்தான் தீர்மானிக்கிறது. ஒழுங்கான சார்ஜர் எதுவும் முதலில் 5 வோல்ட்தான் விடும். மறுமுனையில் உள்ள கருவி கேட்டால் மட்டுமே 9, 20 என்று கூட்டும். உங்கள் ஸ்பீக்கர் அப்படிக் கேட்காது.

இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளில் போட்டால் லைட்டே எரியாமல் இருக்கலாம். விலை குறைந்த பல ஸ்பீக்கர்களில், 'நான் மின்சாரம் வாங்கும் கருவி' என்று சார்ஜருக்குத் தெரிவிக்கும் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் டைப்-சி சார்ஜர் மின்சாரத்தைத் திறக்காது. சார்ஜரில் பழுது இல்லை. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பியாக உள்ள கேபிளையும் அதற்கேற்ற சார்ஜரையும் பாவித்தால் வேலை செய்யும்.

பயப்பட வேண்டியது வாட்டுக்கு அல்ல, பெயரில்லாத மலிவுச் சார்ஜருக்கு. 230 வோல்ட் வரும் பக்கத்தையும் 5 வோல்ட் போகும் பக்கத்தையும் பிரித்துவைக்கும் காப்பு அதில் சரியாக இருக்காது. 'உள்ளீடு 100–240 வோல்ட்' என்ற அச்சுகூட இல்லாமல், கையில் எடுத்தால் வெறும் கோதுபோல் இருந்தால் வாங்காதீர்கள்.

நம் வீடுகளில் இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு உருண்டைப் பின் உள்ள சார்ஜரை 13 அம்பியர் சதுரப் பின் பொயின்ட்டில் ஏற்ற, மேலே உள்ள எர்த் ஓட்டையில் பேனை மூடியைக் குத்தித் திறப்பார்கள். பின் உள்ளே இறுகாது. தொடர்பு விட்டுவிட்டு வரும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் மஞ்சளாகி உருகும். சதுரப் பின் சார்ஜரையே வாங்குங்கள்.

2000 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி) கொள்ளளவுள்ள பற்றரி 1 அம்பியரில் நிறைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரை எடுக்கும். ஆறு மணி நேரமாகியும் சிவப்பு லைட் அணையாவிட்டால் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் அணையாவிட்டால் பற்றரியோ சிப்போ போய்விட்டது. மெத்தையிலோ தலையணைக்குக் கீழோ வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடவே வேண்டாம்.

கேள்வி: ஸ்பீக்கர் நிலாவெளிக் கடலில் விழுந்துவிட்டது. ஐபிஎக்ஸ்7 என்பதால் நன்றாகவே பாடுகிறது. சார்ஜ் போடலாமா? (நிலாவெளி வாசகர்)

பதில்: இன்று போடாதீர்கள். ஐபிஎக்ஸ்7 என்பது 1 மீற்றர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்ற சோதனை. கடல்நீருக்கு அது பொருந்தாது. கேபிள் செருகும் சார்ஜ் வாயின் றப்பர் மூடி இறுக மூடியிருக்கும்வரைதான் அந்தப் பாதுகாப்பும்.

தண்ணீர் காய்ந்தாலும் உப்பு வாயிலேயே இருக்கும். அதோடு கேபிளைச் செருகினால், 5 வோல்ட் ஓடும் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் இடையில் ஈர உப்பு வழியாக மின்சாரம் கசிந்து உலோகத்தை அரிக்கும். ஓரிரு நாளில் பச்சைக் களிம்பு பூக்கும். பிறகு அந்த இடம் சூடாகும்.

ஸ்பீக்கரை நிறுத்துங்கள். மூடியை அழுத்தி மூடி, வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரையோரக் கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள். பிறகு மூடியைத் திறந்து போன் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால், வாயை மட்டும் கொஞ்ச நன்னீரால் அலசி, கவிழ்த்து உதறி, நிழலில் ஃபான் காற்றில் 24 மணி நேரம் வையுங்கள். அரிசிப் பைக்குள் வைத்தால் தூசுதான் ஏறும். வெயிலில் வைத்தால் பற்றரி கெடும். பச்சையோ கறுப்போ தெரிந்தால் மென்மையான பல்துலக்கியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பாட்டு கரகரத்தாலோ உள்ளே தண்ணீர் சலசலத்தாலோ சார்ஜ் போடாமல் திருத்துபவரிடம் கொடுத்து உள்ளே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டோவில் ஓடியபடியே சார்ஜ் போடலாமா? (அன்புவழிபுரம்)

பதில்: நல்ல அடாப்டர் என்றால் போடலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகு செருகுங்கள், ஸ்டார்ட் செய்யும் நேரம் வோல்ட் ஏறி இறங்கும். வெயில் படும் முன்பக்கத் தட்டில் வைக்காதீர்கள். லித்தியம் பற்றரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. தொட்டால் நன்றாகச் சூடாகத் தெரிந்தால் முதலில் ஆறவிடுங்கள்.

கேள்வி: வாங்கி இரண்டு மாதம்தான். அடிப்பக்கம் உப்பி, மூடி விலகியிருக்கிறது. கடைக்காரர் 'தண்ணி பட்டிருக்கும், வொறன்ரி இல்லை' என்கிறார். (கிண்ணியா)

பதில்: முதலில் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். உப்பியிருப்பது பை வடிவ பற்றரி. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. குத்தாதீர்கள், அமுக்கி மூடாதீர்கள். வீட்டுக்கு வெளியே சீமெந்துத் தரையில், எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். குப்பையோடு போடவே கூடாது. புகை வந்தால் கிட்டப் போகாதீர்கள், அந்தப் புகை நச்சு.

அப்படியே பல பக்கங்களிலிருந்து படம் எடுங்கள், சார்ஜ் வாயையும் சேர்த்து. வாய் பளபளப்பாக இருந்தால் தண்ணீர் பட்டது என்ற பேச்சு எடுபடுவது கடினம். பற்றுச்சீட்டு இருக்கிறதா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. வொறன்ரி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கவேண்டும். கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். அதோடு நிற்காமல் எழுத்திலும் முறையிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாடு போய்ச் சேரவேண்டும். உங்களுக்கு இனி ஒரு மாதம்தான் இருக்கிறது.