புழு எண்ணிக்கிட்டே இருந்தா எப்ப பேப்பர் போடறது?

வணக்கம் மேடம்,

கடலடி மண்ணுல வாழற உயிர்களைப் பத்தி நீங்க எழுதறத ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன். நானும் அதே துறையிலதான் பிஎச்டி பண்றேன், ரெண்டாவது வருஷம். கிராப் (கடலடி மண்ணை அள்ளற கருவி) போட்டு எடுத்த மண்ணை சலிச்சு, மைக்ரோஸ்கோப்புக்கு கீழ வச்சு புழு புழுவா பிரிச்சு பேர் கண்டுபிடிச்சு எண்ணிட்டு இருக்கேன். பக்கத்து லேப்ல இருக்கறவங்க மண்ணுலேர்ந்து டிஎன்ஏ எடுத்து அனுப்பறாங்க, லிஸ்ட் வருது, பேப்பர் எழுதிடறாங்க. என் கைடும் இப்ப "எண்றத விட்டுட்டு மெட்டாபார்கோடிங்குக்கு மாறிடு"ங்கறார். இத்தனை நாள் பண்ணதெல்லாம் வேஸ்ட்டா மேடம்? இந்த சப்ஜெக்ட்ட வச்சு டீச்சிங் வேலைக்குப் போக முடியுமா? பேர் போட வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்க கைடு சொல்றதுல பாதி சரி. மெட்டாபார்கோடிங், அதாவது மண்ணுல இருக்கற டிஎன்ஏவை வச்சு என்னென்ன உயிர் இருக்குன்னு லிஸ்ட் எடுக்கறது, கத்துக்கோங்க, அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. "எண்றத விட்டுட்டு"ங்கற பாதியத்தான் நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னு சொல்றேன்.

மண்ணுல இருக்கற டிஎன்ஏ உயிரோட இருக்கற புழுவோடதுதான்னு எந்த கேரண்டியும் கிடையாது. செத்துப்போனது, மேல தண்ணியிலேர்ந்து கீழ விழுந்தது, கரண்ட்ல அடிச்சிட்டு வந்ததுன்னு எல்லாம் களிமண் துகள்ல ஒட்டிக்கிட்டு நாள் கணக்கா கிடக்கும். எத்தனை இருந்துச்சு, குஞ்சா பெருசா, வயித்துல முட்டை இருந்துச்சா, எதுவும் தெரியாது. வாசல்ல கிடக்கற செருப்பை வச்சு வீட்டுக்குள்ள யாரார் இருக்காங்கன்னு சொல்ற மாதிரிதான், பல சமயம் சரியா இருக்கும், ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு செருப்பு சொல்லாது. அதுக்கும் மேல, வந்த டிஎன்ஏ சீக்வென்ஸுக்கு பேர் வேணும்னா டேட்டாபேஸ்ல ஏற்கனவே யாரோ ஒருத்தர் அந்தப் புழுவை கையில வச்சுப் பார்த்து, பேர் சொல்லி, அதுலேர்ந்து ஒரு துண்டு வெட்டி சீக்வென்ஸ் பண்ணிப் போட்டிருக்கணும். அந்த யாரோ ஒருத்தர் நீங்கதான் எஸ். உங்க பக்கத்து லேப் லிஸ்ட்ல எத்தனை வரி பேரில்லாம வருதுன்னு ஒருதரம் கேட்டுப் பாருங்க.

பேரில்லாத கூட்டம் எவ்ளோ பெருசுன்னு ரெண்டு உதாரணம் சொல்றேன். அமெரிக்க கிழக்குக் கரைக்கு வெளிய ஆழ்கடல் சரிவுல எடுத்த 233 கோர் சாம்பிளை (கடலடி மண்ணை அப்படியே வெட்டி எடுத்தது) கிராஸ்லும் மாசியோலெக்கும் 1992-ல பப்ளிஷ் பண்ணாங்க. மொத்தமா சேர்த்துப் பார்த்தா 21 சதுர மீட்டர் மண்ணு, ஒரு ரூம் சைஸ்தான், அதுல 798 ஸ்பீசிஸ், பாதிக்கு மேல அறிவியலுக்கே புதுசு. அப்புறம் பசிபிக்ல மாங்கனீசு உருண்டைக்காக எல்லாரும் கண்ணு வச்சிருக்கற கிளாரியன் கிளிப்பர்டன் பகுதி, அங்கேர்ந்து இதுவரைக்கும் வந்த ரெக்கார்டை எல்லாம் 2023-ல கூட்டிப் பார்த்தப்ப ஐயாயிரத்து சொச்சம் ஸ்பீசிஸ் தேறுச்சு, அதுல சுமார் 90 சதவீதத்துக்கு இன்னும் முறையா பேரே வைக்கல. தோண்டறதுக்கு மெஷின் ரெடி ஆகுது, அங்க குடியிருக்கறது யாருன்னு எழுதறதுக்கு ஆளில்ல, இதுதான் நம்ம துறையோட லட்சணம்.

சரி, கண்ணு மட்டும் போதுமான்னா போதாது, அதையும் சொல்லிடறேன். கேப்பிடெல்லா கேப்பிடேட்டாங்கற புழு, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சதுதான், சிவப்பு நூல் மாதிரி இருக்கும், சாக்கடை கலக்கற இடத்துலயும் எண்ணெய் கொட்டுன இடத்துலயும் எக்கச்சக்கமா பெருகும். 1969-ல மாசசூசெட்ஸ்ல வெஸ்ட் ஃபால்மத் பக்கத்துல ஒரு பார்ஜ் தரைதட்டி எண்ணெய் கொட்டுச்சு, மத்ததெல்லாம் செத்துப்போன மண்ணுல இது மட்டும் திமுதிமுன்னு வந்துச்சு. அதை ஆராஞ்ச ஜூடித் கிராஸ்லும் ஃபிரெட்ரிக் கிராஸ்லும் 1976-ல என்ன காட்டினாங்கன்னா, எல்லாரும் ஒரே ஸ்பீசிஸ்னு எழுதிட்டு இருந்தது நிஜத்துல ஆறு. வெளிய பார்த்தா வித்தியாசம் தெரியாது, என்சைமை ஜெல்லுல ஓட்டினாத்தான் தெரியுது. அதுக்கப்புறம் வளர்த்துப் பார்த்தா, இனப்பெருக்கம் பண்ற விதம்கூட ஒண்ணுக்கொண்ணு வேற, சிலதோட லார்வா தண்ணியில மிதந்து போகும், சிலதோடது தாயோட குழாயை விட்டு அவ்வளவா நகராது. எண்ணிட்டு மட்டும் இருந்தா ஆறை ஒண்ணுன்னு எழுதியிருப்போம், ஜெல்லு மட்டும் வச்சிருந்தா அந்த ஆறும் எப்படிப் பொழைக்குதுங்கறது தெரிஞ்சிருக்காது. புழுவையும் தெரிஞ்சவங்க கையில மாலிக்யூலர் டூல் இருந்ததாலதான் ரெண்டும் கிடைச்சுது.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கூடுதலா ஒரு கிராப் எடுத்து அதை ஃபார்மலின்ல போடாம நேரா எத்தனால்ல போடுங்க. ஃபார்மலின் உடம்பை நல்லா விறைப்பாக்கி வைக்கும், டிஎன்ஏவை நாசம் பண்ணிடும், இது உங்களுக்கே தெரியும், ஆனா கப்பல்ல அலையில ஆடிட்டே சலிக்கறப்ப யாருக்கும் ஞாபகம் வராது. மண்ணு நிறைய இருந்தா எத்தனால் நீர்த்துப்போகும், அடுத்த நாள் ஒருதரம் மாத்திடுங்க. அந்த ஜாடியிலேர்ந்து நீங்க நிச்சயமா பேர் சொல்லக்கூடிய புழுவை எடுத்து, ஃபோட்டோ எடுத்து, வால் பக்கம் ஒரு துண்டு சீக்வென்ஸுக்கு அனுப்பிட்டு தலைப்பக்கத்தை நம்பர் போட்டு பத்திரமா வைங்க. உங்க கைடு கேக்கற பேப்பரும் வந்துடும், பக்கத்து லேப்காரங்க உங்களைத் தேடி வருவாங்க.

வேஸ்ட்டான்னு கேட்டீங்க. நீங்க பிரியோனோஸ்பியோங்கற புழு ஒண்ணை கிளிசரின்ல வச்சு ஊசியால புரட்டிப் புரட்டி, செவுள் நாலு ஜோடி இருக்கா, முதலும் நாலாவதும் கிளை விட்டிருக்கா, நடுவுல ரெண்டும் வழவழன்னு இருக்கா, இல்ல சல்லடையிலயே உதிர்ந்து போச்சான்னு தழும்பைத் தேடி, மூடி போட்ட கொக்கி முள்ளு எத்தனாவது கண்டத்துல ஆரம்பிக்குதுன்னு தலையிலேர்ந்து எண்ணி, நடுவுல யாரோ கூப்பிட்டாங்கன்னு மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணி, இப்படித்தானே ஒரு பேருக்கு வந்து சேர்றீங்க? அப்படிப் பார்க்கறப்பதான் இது குழாய் கட்டுதா, மேல் மண்ணை மேயுதா, இல்ல மால்டேனிட்ங்கற புழுக்குடும்பம் மாதிரி தலைகீழா நின்னு அடிமண்ணைத் தின்னுட்டு மேல கழிவைத் தள்ளுதான்னு யோசனை போகுது. கரையோர சேத்துல ஆக்சிஜன் தானா இறங்கறது சில மில்லிமீட்டர்தான், அதுக்கு கீழ கருப்பு, அழுகின முட்டை நாத்தம். வளை தோண்டி தண்ணி இறைக்கற புழுவும் இறாலும் இருந்தா ஆக்சிஜன் அதுக்கும் ஆழமா போகும், வளையோட சுவரைச் சுத்தி பழுப்பா ஒரு வளையம் தெரியும், அங்கதான் நைட்ரஜன் ரசாயனமெல்லாம் மும்முரமா நடக்குது. எந்தப் புழு என்ன பண்ணுதுன்னு தெரியாத லிஸ்ட்டை வச்சு இதுல ஒண்ணையும் விளக்க முடியாது.

பேப்பர் எண்ணிக்கை குறையும், அதை மறைக்க விரும்பல. புது ஸ்பீசிஸ் விவரிச்ச பேப்பரை யாரும் பெருசா மேற்கோள் காட்ட மாட்டாங்க. கிராண்ட் வர்றது மூணு வருஷத்துக்கு, கடலடி மாறறது அதோட கணக்குல இல்ல. பெருவுக்கு வெளிய நாலு கிலோமீட்டர் ஆழத்துல 1989-ல டிஸ்கால்னு ஒரு சோதனை, கடலடியை உழுது விட்டாங்க, 26 வருஷம் கழிச்சு 2015-ல போய்ப் பார்த்தா உழுத தடம் அப்படியே இருக்கு. இந்த மாதிரி கேள்விக்கு பழைய ஸ்பெசிமன் இருக்கணும், அதை மறுபடி எடுத்துப் பார்த்துப் பேர் சரியான்னு சொல்ற ஆள் இருக்கணும். கமிட்டியில உக்கார்ந்து பேப்பரை எண்றவங்களுக்கு (அவங்களும் எண்ணத்தான் செய்யறாங்க, பாருங்க) இது புரிய நேரமாகும்.

டீச்சிங் விஷயம். பென்தாஸ்னு (கடலடி உயிர்களுக்கு அதான் பேர்) பேர் போட்டு போஸ்ட் விளம்பரம் வர்றது அபூர்வம். மரைன் பயாலஜி, இகாலஜி, சில இடத்துல ஜுவாலஜின்னுதான் வரும், நீங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸும் எடுக்கணும், முதல் வருஷத்துக்கு செல் பயாலஜியும் எடுக்கணும், எடுங்க, கெட்டுப்போகாது. உங்க பலம் பிராக்டிகல் கிளாஸ்ல இருக்கு. ரோஸ் பெங்கால் சாயம் போட்ட ஒரு தட்டு மண்ணைக் கொடுத்தா முதல்ல எல்லாரும் "ஒண்ணுமே இல்லையே மேடம்"ங்கறாங்க, அரைமணி நேரம் கழிச்சு பிங்க் கலர்ல ஏதோ ஒண்ணை யாராவது பிடிப்பாங்க. உடனே பேர் சொல்லிடாதீங்க, வரையச் சொல்லுங்க. வரையும்போதுதான் கால் எத்தனைன்னு பார்க்கத் தோணும், ஃபோட்டோ எடுத்தா அதோட விட்டுடுவாங்க. இது வீடியோ பார்த்து வர்ற வித்தை இல்ல, பக்கத்துல ஒருத்தர் உக்கார்ந்து "அங்க பாரு, கொஞ்சம் சாய்ச்சுப் பாரு"ன்னு சொன்னாத்தான் வரும். சொல்லிக் கொடுக்கறவங்க ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆகிட்டு இருக்காங்க.

யுனிவர்சிட்டி கிடைக்கற வரைக்கும் சுற்றுச்சூழல் கண்காணிப்பு லேப்ல வேலை இருக்கு, அதைக் கீழா நினைக்காதீங்க. 2000-லேர்ந்து ஐரோப்பாவுல தண்ணியோட தரத்தை மதிப்பிடறதுக்கு கடலடி உயிர்களையும் பார்க்கணும்னு சட்டமே இருக்கு. அங்க நிறைய பயன்படுத்தற அம்பி இண்டெக்ஸ் ஸ்பீசிஸ் ஒவ்வொண்ணையும், மாசை எவ்வளவு தாங்குதுங்கறதைப் பொறுத்து, அஞ்சு குரூப்ல ஒண்ணுல வைக்குது, ஒரே குடும்பத்துக்குள்ளயே வேற வேற குரூப்ல வர்றதெல்லாம் உண்டு, பேர் தப்பானா மார்க்கும் தப்பு. ஆழ்கடல் கனிமத்துக்கு அனுமதி வாங்கினவங்களும் அங்க என்ன வாழுதுன்னு பேஸ்லைன் டேட்டா கொடுத்தாகணும்.

அப்ளை பண்றப்ப சிவியில "டாக்ஸானமி தெரியும்"னு ஒரு வரியில முடிச்சிடாதீங்க. எந்தெந்தக் குடும்பத்தை ஸ்பீசிஸ் வரைக்கும் சொல்லுவீங்க, எதை ஜீனஸோட நிறுத்துவீங்க, உங்க ஸ்பெசிமனை வேற லேப்ல யாராவது செக் பண்ணாங்களா, எந்த மியூசியத்துல எந்த நம்பர்ல இருக்கு, இதை தனிப் பக்கமா எழுதுங்க. இன்னும் மியூசியத்துல கொடுக்கலன்னா தீசிஸ் சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க. அப்புறம் லேப் காலி பண்றப்ப முதல்ல தூக்கிப் போடறது அந்த ஜாடியைத்தான்.