கலிஃபோர்னியாவின் வாகனப் புகை விதிகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவின் வாகனப் புகை விதிகளை அமெரிக்க நாடாளுமன்றம் 2025இல் செல்லாமல் ஆக்கியதைக் கண்டித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் ஃப்ரீமாண்டில் குடும்பத்துடன் வசிப்பவன். நல்ல காற்று எனக்கும் வேண்டும். ஆனாலும் ஒரு மாநிலம் வகுக்கும் விதி நாட்டின் கார் சந்தையையே ஏன் தீர்மானிக்க வேண்டும்? மத்திய அரசின் விதி இருக்கும்போது தனி விதி எதற்கு? 2026ஆம் ஆண்டு மாடல்களில் நூற்றுக்கு 35 மின்சார வாகனங்களாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், விலையேற்றம் நடுத்தரக் குடும்பங்களின் தலையில்தானே விழும்? மக்களின் பிரதிநிதிகள் வாக்களித்து நீக்கிய ஒன்றை ஜனநாயக விரோதம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ர., ஃப்ரீமாண்ட்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் முதல் கேள்வி ஒரு தவறான தகவலின் மேல் நிற்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவின் விதி வேறெந்த மாநிலத்தின் மீதும் திணிக்கப்படவில்லை. வாகனப் புகைக்குத் தனி வரம்பு விதிக்கும் அதிகாரத்தை 1967ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மாநிலங்களிடமிருந்து எடுத்துக்கொண்டபோது, அதற்கு முன்பே சொந்த வரம்பைக் கொண்டுவந்திருந்த கலிஃபோர்னியா மட்டும் மத்திய அரசிடம் விலக்கு கோரலாம் என்று இடம் வைத்தது. பிற மாநிலங்கள் விரும்பினால் அந்த விதியை அப்படியே பின்பற்றலாம் என்பது 1977ஆம் ஆண்டுத் திருத்தம். வர்ஜீனியா 2021இல் சட்டம் இயற்றி அதை ஏற்றது. 2024 முடிவோடு விலகுவதாக அதன் ஆளுநர் அறிவித்தார். சேர்வதும் விலகுவதும் அவரவர் முடிவாகவே இருந்துவந்தது. அந்த முடிவை எடுக்கும் உரிமையைத்தான் மாநிலங்கள் இப்போது இழந்திருக்கின்றன.

தனி விதி எதற்கு என்ற கேள்விக்கு லாஸ் ஏஞ்சலஸின் நிலஅமைப்பே பதில் சொல்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சான் கேப்ரியல் மலைகள், கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றின் மேல் மூடியைப் போல் படியும் வெப்பக் காற்றடுக்கு, ஆண்டின் பெரும்பகுதி வெயில். 1943 ஜூலையில் கண்ணை எரிக்கும் மூட்டம் நகரத்தைச் சூழ்ந்தபோது, எதிரி நாடு விஷவாயு வீசிவிட்டதோ என்று சிலர் அஞ்சினார்கள். செயற்கை ரப்பருக்கான வேதிப்பொருள் தயாரித்த ஆலை ஒன்றின் மீது பழி விழுந்தது. ஆலையை நிறுத்திய பிறகும் மூட்டம் விலகவில்லை. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் பணியாற்றிய டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், 1950களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டறிந்தார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று அவர் காட்டினார். வளைத்து வைத்த ரப்பர் துண்டில் எவ்வளவு விரைவாக வெடிப்பு விழுகிறது என்பதைக் கொண்டு காற்றிலுள்ள ஓசோனை அவர் அளந்தார். அந்நகரில் டயர்கள் மற்ற ஊர்களைவிட விரைவில் வெடிப்பு விட்டதற்கும் அதுவே காரணம். எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் நடந்த ஆய்வு அவருடைய முடிவை மறுத்தது, அவர் பின்வாங்கவில்லை. 1967இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். ரீகன் குடியரசுக் கட்சிக்காரர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஏனென்றால் இன்று இது ஒரு கட்சியின் கொள்கையாகவே சித்திரிக்கப்படுகிறது.

இந்த ஏற்பாட்டினால் நாடு முழுவதும் பயனடைந்தது. உங்கள் காரில் எரியும் ‘செக் எஞ்சின்’ விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புகைக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் வண்டியே ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1988 மாடல்களிலிருந்து கலிஃபோர்னியா கட்டாயமாக்கியது. அதன் மேம்பட்ட வடிவம் 1996இல் நாடு முழுவதற்கும் பொதுவானது. மூன்று வகை மாசுகளையும் ஒரே கருவியில் குறைக்கும் வினையூக்கி மாற்றியை, ஆக்சிஜன் உணரியோடு சேர்த்து வால்வோ நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில்தான். கடுமையான வரம்பு ஒரு பெரிய சந்தையில் இருந்ததால் அந்தத் தொழில்நுட்பங்கள் பிறந்தன. மத்திய அரசு பின்னர் அவற்றைப் பொதுவிதியாக்கியது. மத்திய விதி ஒன்றே இருந்திருந்தால் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

விலையைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 35 விழுக்காடு என்ற இலக்கு, மின்சார வாகன விற்பனை குறைவாக இருந்த மாநிலங்களுக்குக் கடினமானதே. கலிஃபோர்னியாவிலேயே 2024இல் புதிய வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் இலக்கு எட்டாததாக இருந்தால் அதைத் திருத்துவதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1998இல் விற்கப்படும் கார்களில் 2 விழுக்காடு புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று 1990இல் விதித்த இதே வாரியம், மின்கலங்கள் ஆயத்தமாகவில்லை என்று கண்டு 1996இல் தானே அதைத் தளர்த்தியது. கால அட்டவணையை நீட்டச் சொல்லி நீங்கள் வாதாடியிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன்.

நாடாளுமன்றம் வாக்களித்தது உண்மை. எந்தச் சட்டத்தின்கீழ் வாக்களித்தது என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அமைப்புகள் புதிதாக வெளியிடும் விதிகளைச் சாதாரணப் பெரும்பான்மையால் நீக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. விலக்கு அளிக்கும் ஆணை அத்தகைய விதி அல்ல என்று நாடாளுமன்றத்தின் சொந்தத் தணிக்கை அமைப்பும் செனட்டின் நடைமுறை ஆலோசகரும் கூறியிருந்தார்கள். அதை மீறி 2025 மே 22 அன்று செனட் 51க்கு 44 என்ற வாக்கில் கார் விதிக்கான விலக்கை நீக்கியது. ஜூன் 12 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். கலிஃபோர்னியாவும் வேறு பத்து மாநிலங்களும் அன்றே வழக்குத் தொடர்ந்தன. இவ்வழியில் நீக்கப்படும் விதியைக் கணிசமாக ஒத்த இன்னொன்றை, நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றினாலன்றி மீண்டும் கொண்டுவர முடியாது. ஒரு விலக்கை மறுப்பதற்கும் பின்வரும் அரசுகளின் கையைக் கட்டிப்போடுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் நான் கட்டுரையில் சுட்டியிருந்தேன்.

உங்கள் கடிதம் கார்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. அன்று கையெழுத்தான தீர்மானங்கள் மூன்று. அவற்றில் இரண்டு கனரக வாகனங்களைப் பற்றியவை. அவற்றுள் ஒன்று, புதிய டீசல் எஞ்சின்கள் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடை 2027க்குள் 90 விழுக்காடு குறைக்கச் சொன்ன விதியைச் சார்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களிலிருந்து கன்டெய்னர் லாரிகள் 710ஆம் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் ஓடுகின்றன. அச்சாலையை ஒட்டிய வீடுகளில் பெரும்பாலும் உழைக்கும் லத்தீனோ குடும்பங்கள் வாழ்கின்றன. டீசல் புகையின் நுண்துகளை நச்சுப்பொருள் என்று காற்றுவள வாரியம் 1998லேயே அறிவித்துவிட்டது. லாரி எஞ்சினைச் சுத்தமாக்கச் சொல்லும் அந்த விதி யாரையும் மின்சாரக் கார் வாங்கச் சொல்லவில்லை. கார் விலையைக் காட்டி அதையும் சேர்த்து நீக்கியதற்கு உங்கள் கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. அந்தத் தீர்மானங்களை ஆதரித்தவர்களின் வாதங்களிலும் எனக்கு ஏற்கத்தக்க காரணம் கிடைக்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்