ஆளில்லா வானிலை ஆய்வு விமானத்தை ஏவும் களப்பயணத்தில் மாணவர்களைத் தொட விடுவார்களா, வேடிக்கை பார்க்கத்தானா?

தொட விடுவார்கள். நான் தொட்டு, எறிந்து, உடைத்தே இருக்கிறேன்.

நீங்கள் அமெரிக்காவில் வளிமண்டல அறிவியல் முதுகலை முதலாண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அப்போதுதான் இப்படி ஒரு சந்தேகம் வரும். நான் போனது கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்குக்கு. சுமார் 2,300 மீட்டர் உயரம், சுற்றிலும் மலை, நடுவில் தட்டையாக உருளைக்கிழங்கு வயல்கள். 2018 ஜூலையில் பல ஆய்வுக் குழுக்கள் கூடி, சில நாட்களுக்குள் ஆயிரம் தடவைக்கு மேல் இந்த மாதிரி விமானங்களைப் பறக்கவிட்ட இடம். நாங்கள் போனது அதற்கு அப்புறம். எட்டுப் பேர், இரண்டு வேன்.

விடிகாலை நாலரைக்கே வயலோரம் நிற்க வேண்டும். ராத்திரி முழுக்க மலைச்சரிவில் குளிர்ந்த காற்று, கனம் கூடி, தண்ணீர் மாதிரி பள்ளத்தாக்குக்குள் வழிந்து தேங்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். அதற்குள் அளந்தாக வேண்டும். வழக்கமாக இதை அளக்கப் பறக்கவிடும் வானிலை பலூன் விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறும், முதல் 300 மீட்டரை ஒரே நிமிடத்தில் தாண்டிவிடும். விமானமோ அதே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். (பலூன்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உயரத்தில் உங்களை மிஞ்ச ஆளில்லை.)

எங்கள் விமானம் தெர்மாகோல் மாதிரியான நுரையில் செய்தது. இரண்டு கிலோகூட வராது. மூக்கில் காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய், பின்பக்கம் புரொப்பல்லர். ரிமோட், உரிமம் வைத்திருந்த சீனியரிடம். எறிவது என் வேலை. இறக்கை மட்டமாக இருக்கட்டும், காற்றுக்கு எதிரே நில், ஈட்டி எறிவது போல எறி என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் பவுண்டரியிலிருந்து பந்தெறிந்து பழகியவன். அண்ணாந்து வீசினேன். விமானம் வானத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றது, அப்புறம் தலைகுப்புற விழுந்தது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை தாங்க வேகம் அதிகம் வேண்டும். நான் கொடுத்ததோ உயரம். பிட்டோ குழாய் நிறைய மண். சீனியர் திட்டவில்லை. பெட்டியிலிருந்து வேறு குழாயை எடுத்து நீட்டி, "எல்லாருக்கும் ஒண்ணு உண்டு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது முறை நாலு எட்டு ஓடி, நேராக எறிந்தேன். கையை விட்டுப் போனதும் விரல் பக்கத்தில் கர்ரென்று புரொப்பல்லர் பிடித்தது. லேப்டாப்பில் தரையில் 7 டிகிரி, 120 மீட்டரில் 12. மேலே போகப் போகக் குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கே தலைகீழாகக் கிடந்தது.

வேடிக்கை பார்ப்பதும் உண்டு, ஆனால் அதுவும் வேலைதான். அமெரிக்க விதிப்படி, தனி அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் போகக்கூடாது, விமானம் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கும் விமானங்கள் தாழப் பறந்து வரும் ஊர் அது. வாக்கிடாக்கியோடு ஒருவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் பார்த்தேன். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை.

"இது பொம்மை விமானம்தானே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: என் அம்மாவே போனில் அதைக் கேட்டுவிட்டார், நீங்கள் தாமதம். வானிலை ஆய்வுக்கென்று செய்த ஏரோசோண்ட் என்ற விமானம், எடை 15 கிலோகூடக் கிடையாது, 1998 ஆகஸ்டில் காரின் கூரையிலிருந்து கிளம்பி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை அட்லாண்டிக்கைத் தாண்டியது. ஏறக்குறைய 27 மணி நேரம், உள்ளே ஆளே இல்லை.

அதனால் தயங்காமல் பேர் கொடுங்கள். ஆனால் சாப்பாட்டு விஷயத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மோட்டலில் காலை உணவு ஏழு மணிக்கு. நாங்கள் கிளம்பியது நாலு மணிக்கு. பெட்ரோல் பங்கில் வாங்கித் தின்ற மஃபினுக்கும் காபிக்கும் நாலு நாள் பில்லைக் கொடுத்தால், அறை வாடகையிலேயே காலை உணவு அடக்கம் என்று அலுவலகம் திருப்பி அனுப்பியது. மூன்று மெயில் போட்டேன். புறப்படும் நேரத்தைக் காட்டும் அட்டவணையையும் இணைத்தேன். 31 டாலர். இன்னும் வரவில்லை.