ஏழாவது சங்கம் வேண்டாம், ஒரு நோட்டு போதும்

கேள்வி: நான் மயிலாடுதுறை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரில் நல்லது செய்ய ஆளுக்குப் பஞ்சமில்லை. கோயில் அன்னதானக் குழு, பள்ளிவாசல் ஜமாஅத், சர்ச் இளைஞர் குழு, லயன்ஸ் கிளப், ஒரு நடிகரின் நற்பணி மன்றம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் நடத்தும் டிரஸ்ட் என்று ஆறு இருக்கின்றன. போன வருட மழையில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு ஒரே காலையில் மூன்று தடவை உப்புமா வந்தது. வாய்க்கால் கரையில் இருக்கும் 22 வீடுகளுக்கு மாலை வரை யாரும் போகவில்லை. அங்கே டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவரை மறுநாள்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. எல்லோரையும் ஒரே அமைப்பாகச் சேர்க்கலாம் என்று பேசிப் பார்த்தேன். யார் தலைவர், யார் பெயர் முதலில் என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. நாமே புதிதாக ஒரு சங்கம் பதிவு செய்துவிடலாமா? ஒரு பெண் சொன்னால் கேட்பார்களா?
- வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு 2004 டிசம்பர் கடைசி வாரம் ஞாபகம் வந்தது. சுனாமி அடித்த நான்காம் நாள், திருச்சியிலிருந்து நண்பர்களோடு ஒரு லாரியில் நாகப்பட்டினத்துக்குப் போனேன். ரொட்டி, அரிசி, அப்புறம் வீடு வீடாகச் சேர்த்த பழைய துணி. ஊருக்குள் நுழையும்போதே சாலை ஓரத்தில் துணிக் குவியல்கள் கிடந்தன. எங்களைப் போலப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போனவை. கடற்கரையில் உழைத்து, சொந்தக் காசில் புதுத்துணி உடுத்திப் பழகிய ஜனங்கள் அவர்கள். அந்தக் குவியலை யாரும் தொடவில்லை. ஒரு முகாமில் நாங்கள் அரிசி மூட்டையை இறக்கியதும் ஓர் அம்மா வந்து மெதுவாகச் சொன்னார்: "அரிசி நேத்தே வந்துடுச்சு தம்பி. பொங்கறதுக்குத்தான் பானை இல்ல."

லாரியில் பானை இல்லை. புறப்படும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இருந்திருக்கும். யாரைக் கேட்பது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பானை என் மனதை விட்டுப் போகவில்லை.

உங்கள் ஊரின் மூன்று உப்புமாவும் இதே கதைதான். ஆறு குழுவுக்கும் மனசு இருக்கிறது. யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று ஒரே இடத்தில் எழுதிவைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நாகையில் அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து இறங்கின. 2005 ஜனவரி தொடக்கத்திலேயே, ஏற்கெனவே மீனவர்களோடு வேலை செய்துகொண்டிருந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகையைச் சேர்ந்த ஸ்நேகா அமைப்பும் சேர்ந்து, மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. வந்த அமைப்புகளை அந்த மையம் ஒன்றாகக் கலைத்துச் சேர்க்கவில்லை. அவரவர் பெயர் அவரவருக்கே இருந்தது, பணமும் அப்படித்தான். எந்தக் கிராமத்தில் என்ன குறைகிறது, அங்கே யார் போயிருக்கிறார்கள், இன்னும் யாருமே போகாத இடம் எது என்ற விவரத்தை மட்டும் மையம் வைத்துக்கொண்டது. தங்குமிடம், சுகாதாரம், பிழைப்பு, மனநல ஆறுதல் என்று வேலைவாரியாக உட்கார்ந்து பேசினார்கள். பிறகு கிராமங்களிலேயே தகவல் மையங்களும் வந்தன.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். படகு கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் என்பதால் ஆளாளுக்குப் படகு கொடுத்து, சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகு பெருகிப்போன இடங்கள் உண்டு. இன்னொன்று, இதைவிட வருத்தமானது. உதவி பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்துகள் கொடுத்த பட்டியல் வழியாகப் போனது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத தலித் விவசாயக் கூலிகள், இருளர் குடும்பங்கள், தனியாக இருந்த பெண்கள் என்று பலர் விடுபட்டார்கள். கடல் தண்ணீர் அவர்கள் வேலை செய்த வயலையும்தான் உப்பாக்கியது.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். அந்த வாய்க்கால் கரை 22 வீடுகளுக்கு யாரும் போகாததற்கு மழை மட்டும்தான் காரணமா? ஆறு குழுவிலும் அந்தத் தெருக்காரர் ஒருவராவது இருக்கிறாரா? கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் நம் ஊர்களை எனக்குத் தெரியும். வெள்ளம் வரும்போது விடுபடும் தெரு, திருவிழாவிலும் கிராம சபையிலும் ஏற்கெனவே விடுபட்ட தெருவாகத்தான் இருக்கும். அதனால் நீங்கள் கூட்டப்போகும் முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள், பள்ளிவாசலிலும் வேண்டாம். வாய்க்கால் கரைக்குப் பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் அங்கே வையுங்கள். அந்தத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் நோட்டு எழுதும் வேலையில் இருக்க வேண்டும். பொட்டலம் வாங்கிக்கொள்ள மட்டும் வருகிறவர்களாக அவர்களை வைத்துவிடக் கூடாது.

சரி, சங்கம் பதிவு செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். இன்னொன்று பதிவு செய்தால் ஆறு ஏழாகும், தலைவர் சண்டையும் ஏழாகும். பொதுப் பெயரில் பணம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றால் டிரஸ்ட் பத்திரமோ, 1975ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவோ, வங்கிக் கணக்கோ, தணிக்கையோ வேண்டியிருக்கும். நீங்கள் பணத்தைத் தொடவே வேண்டாம். பணத்தைத் தொடாதவரை உங்கள் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. டிரஸ்ட்காரர் பணம் டிரஸ்ட் கணக்கிலேயே இருக்கட்டும், மன்றத்துப் பையன்கள் பேனரும் அவர்கள் வண்டியிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்: வாங்குகிறவர் முகத்தைப் போட்டோ எடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டம் முடிவதற்குள் இதை வாய்விட்டுச் சொல்லி, ஆறு பேரையும் தலையாட்ட வையுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது? தெருவாரியாக வீடு, அந்த வீட்டுக்கு என்ன தேவைப்படும், யார் பொறுப்பு, முடிந்ததா. நான்கு கட்டம் போதும். மழைக்கு முன்பே ஒரு தடவை தெருத்தெருவாக நடந்து இதை நிரப்பிவிட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக இருக்கும் வயதானவர், இன்சுலின் போடுகிறவர், வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். கரண்ட் போனால் அதை எங்கே வைப்பது, ஐஸ் யார் வீட்டிலிருந்து வரும் என்பதுவரை யோசிக்க வேண்டியிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021லிருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர்களுக்கு உங்கள் ஊரில் யாருக்குச் சுகர், யாருக்குப் பிரஷர் என்று வீடு வீடாகத் தெரியும். கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளியைப் பற்றிய தகவலை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். அந்தப் பக்கம் உங்களிடமும் இன்னொருவரிடமும் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் அது போகவே கூடாது.

அடுத்த பக்கத்தில் ஆறு குழுவிடமும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அன்னதானக் குழுவிடம் அண்டாவும் சமையல்காரரும் இருப்பார்கள். அப்படியென்றால் ஊருக்கே சமையல் அங்கேதான். பள்ளிவாசல் மேட்டில் இருந்தால் ராத்திரி தங்க இடம் அங்கே. 2015 சென்னை வெள்ளத்தில் எத்தனையோ பள்ளிவாசல்கள் எல்லா மதத்தினருக்கும் கதவைத் திறந்துவிட்டதை ஊரே பார்த்தது. லயன்ஸ்காரர்களுக்குக் கண் முகாம் நடத்திய பழக்கத்தில் ஆஸ்பத்திரியில் ஆள் தெரியும், டயாலிசிஸ் பொறுப்பு அவர்களுடையது. மன்றத்துப் பையன்களிடம் பைக்கும் தெம்பும் இருக்கிறது, வாய்க்கால் கரையை அவர்களிடம் கொடுங்கள். அவர்களைப் பற்றி ஊரில் என்ன பேசினாலும், நள்ளிரவில் கூப்பிட்டால் வருகிறவர்கள் அவர்கள்தான். கரண்ட் கம்பி அறுந்து கிடக்கும் தண்ணீரில் மட்டும் இறங்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். அதற்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 இருக்கிறது.

மழை இல்லாத நாளில் இந்த நோட்டு தூங்கிவிடக் கூடாது. இதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993இல் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண சேவை, 2001 வாக்கில் மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது. டீச்சர், கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தங்கள் தெருவில் படுத்திருக்கும் நோயாளியைப் போய்ப் பார்க்கிறார்கள். மருந்தையும் காயத்துக்குக் கட்டுப் போடுவதையும் நர்ஸ் பார்த்துக்கொள்வார். அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று விசாரிப்பது இவர்கள் வேலை. செலவில் பெரும்பகுதி ஊர்க்காரர்கள் போடும் சின்னச் சின்ன காசிலேயே ஓடியது. 2008இல் கேரள அரசு இதை ஒரு கொள்கையாகவே அறிவித்து, உள்ளாட்சிகளை இதற்குள் கொண்டுவந்தது.

அந்த இரண்டு மணி நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்கிறவர் மூன்றாம் மாதம் வர மாட்டார். "வியாழக்கிழமை சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு வரை" என்று சொல்கிறவர் வருவார். நான் கண்ட மட்டில் நல்ல குழுக்கள் உடைந்ததற்குப் பணத்தைவிட அதிகக் காரணம் அசதி. எல்லாவற்றையும் இரண்டே பேர் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு வருடத்தில் வெறுத்துப்போய் ஒதுங்கிவிடுகிறார்கள். நீங்களும் அப்படி ஆகிவிடக் கூடாது என்ற கவலை எனக்கு இருக்கிறது.

பெண் சொன்னால் கேட்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். சத்துணவு மையத்தில் எத்தனை வருடம் இருப்புப் பதிவேடு எழுதியிருப்பீர்கள்! எத்தனை பிள்ளை சாப்பிட்டது, எத்தனை கிலோ அரிசி, எத்தனை முட்டை, மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் கணக்கு ஒப்பித்த கை உங்களுடையது. அந்த ஆறு குழுவிலும் இந்த வேலை தெரிந்தவர் உங்களைப் போல இன்னொருவர் இருக்க மாட்டார். உங்களிடம் சோறு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று மன்றத்தில் கொடி பிடிக்கிறார்கள், ஜமாஅத்திலும் சர்ச்சிலும் ஓடியாடுகிறார்கள். "டேய், நாலு மணிக்கு அங்கன்வாடிக்கு வாடா" என்று நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள். தலைவர் பதவி கேட்காதீர்கள். நோட்டை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் முதல் தடவை வராவிட்டாலும் நிறுத்த வேண்டாம். இரண்டு குழு வந்தாலே தொடங்கிவிடலாம். தங்கள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருப்பது தெரிந்தால் மற்றவர்கள் தாமாக வருவார்கள்.

ஆடி பிறந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு இரண்டரை மாதம்போல இருக்கிறது. இந்த வாரம் ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் நாள் வாய்க்கால் கரையின் கடைசி வீட்டிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள். டயாலிசிஸுக்குப் போகிற அந்த மனிதர் வீட்டில் கொஞ்சம் அதிக நேரம் உட்காருங்கள். போன மழையில் அந்த ராத்திரி எப்படிப் போனது என்று அவர் வாயாலேயே கேட்டு, அதை முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வேறு எதையும் பேசுவதற்கு முன் அதைப் படித்துக் காட்டுங்கள், அவர் சம்மதித்தால்.