டி.என்.ஏ. மடிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு செல்லுக்குள் சுமார் 2 மீட்டர் டி.என்.ஏ. மடிந்து கிடக்கிறது என்று மரபணுக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இடம் போதாமல்தானே அந்த மடிப்பு? பட்டுப்புடவையை எப்படி மடித்து பீரோவில் வைத்தாலும் சரிகை மாறாது. டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளின் (A, T, G, C) வரிசை சரியாக இருந்தால் போதாதா?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

பீரோவில் இருக்கும்போது புடவையை யாரும் உடுத்துவதில்லை. டி.என்.ஏ. மடிந்து கிடக்கும்போதே படிக்கப்படுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

இடப் பற்றாக்குறை உண்மை. ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றிக்கொள்ளாமல் அவ்வளவு நீளம் உட்கருவில் அடங்காது. ஆனால் ஒரு மரபணு எந்த உறுப்பில், எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்சுகள் பல சமயம் வெகு தொலைவில் இருக்கின்றன. கை கால் உருவாகத் தேவையான சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் சுவிட்ச் ஏறக்குறைய 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் இருக்கிறது. இழை வளைந்தால்தான் இரண்டும் நெருங்க முடியும். கொஹீசின் என்ற வளையப் புரதம் இழையை இழுத்து இழுத்துக் கண்ணியாக்கும், சி.டி.சி.எஃப். புரதம் உட்கார்ந்திருக்கும் இடம் வந்தால் நின்றுவிடும். அதுதான் எல்லை. எல்லைக்குள் இருக்கும் சுவிட்ச் பெரும்பாலும் அங்கிருக்கும் மரபணுக்களைத்தான் தொடும்.

எல்லை போனால் என்ன ஆகும்? பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. விரல்கள் குட்டையாகப் பிறந்த சில குடும்பங்களில் 2-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இல்லை. பக்கத்தில் இருந்த பாக்ஸ்3 மரபணு முழுசாகத்தான் இருந்தது. ஆனால் துண்டோடு எல்லையும் போய்விட்டதால், வேறொரு மரபணுவுக்கான சுவிட்சுகள் பாக்ஸ்3-ஐ வளரும் கையில் முடுக்கிவிட்டன. எலிகளிலும் அப்படியே வெட்டிப் பார்த்தார்கள், விரல் குட்டையானது. எல்லையை விட்டுவைத்து வெட்டியபோது விரல்கள் ஒழுங்காக வளர்ந்தன.

சரி, எல்லா மரபணுவும் மடிப்பை நம்பித்தான் இருக்கிறதா? இல்லை. 2017-ல் மனித செல்களில் கொஹீசினை அழித்தபோது கண்ணிகள் மறைந்தன, பெரும்பாலான மரபணுக்களின் செயல்பாடோ அதிகம் மாறவில்லை. ஆனால் அவை ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட, ஏற்கெனவே நிலைபெற்ற செல்கள். கருவில் உறுப்புகள் உருவாகும் நேரம்தான் மடிப்புக்கு உண்மையான சோதனை என்பது என் எண்ணம். கொஹீசினை டி.என்.ஏ.வில் ஏற்றும் புரதத்தில் பழுது வந்தால் கார்னீலியா டி லாங்கே நோய்க்குறி ஏற்படுகிறது. அந்தக் குழந்தைகளுக்கு வளர்ச்சி, கைகள், அறிவுத்திறன் எல்லாமே பாதிக்கப்படலாம்.

மரபணுக்களின் எழுத்துகளை மட்டும் படிக்கும் பரிசோதனை இப்படிப்பட்ட எல்லைக் கோளாறுகளைத் தவறவிடலாம். பிறவிக் குறையோடு ஒரு குழந்தை வரும்போது அந்தப் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காகத் தேடலை நிறுத்திவிடக் கூடாது என்று மருத்துவர்கள் இன்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.