ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில்

கேள்வி: என் கணவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. சிறுநீரகம் செயலிழந்துவிட்டதால் வாரம் மூன்று முறை திருவனந்தபுரம் சென்று டயாலிசிஸ் செய்துவருகிறோம். இருவரும் உபவாசமிருந்து ஜெபித்தும் மாற்றமில்லை. வீட்டுக்கு வந்த ஜெப ஊழியர் ஒருவர், விசுவாசம் குறைவு, அல்லது அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லி, என் தாலிச் சங்கிலியைக் காணிக்கையாகப் பொருத்தனை செய்யச் சொன்னார். அன்றுமுதல் முழங்காலில் நின்றால் அழுகைதான் வருகிறது, ஜெபம் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?
ஒரு சகோதரி, பாறசாலை அருகே

பதில்: அன்புச் சகோதரி, முதலில், அந்தச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம். கணவரின் நோய்க்கு உங்கள் பாவத்தைக் காரணம் காட்டும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமல்ல என்றே இயேசு சொன்னார். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களும், ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து வாய் திறவாமல் இருந்தவரையில் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுளின் கோபம் மூண்டது அவர்கள் மேல்தான்.

அப்போஸ்தலர் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், மாம்சத்தில் முள் என்று அவரே சொன்ன உபத்திரவம் நீங்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம், 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, பிறகு சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. விலங்கு கழன்று விழவில்லை என்பதற்காக அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று நம் பக்கத்தில் ஒருவரும் சொல்லத் துணியமாட்டார்கள். உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்களோ!

அழுகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தின் 13-ஆம் சங்கீதம், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரையே கேட்டுத்தான் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதமோ முடிவிலும் ஆறுதல் சொல்லாமல் இருளிலேயே நின்றுவிடுகிறது. இவற்றை ஆராதனையில் பாடுவதற்கென்றே வைத்திருந்தார்கள். ஆகவே கர்த்தர் முன்னால் அழுகிற வரைக்கும் நீங்கள் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

எலியா தீர்க்கதரிசியின் கதையை மறுபடி வாசியுங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னவனைத் தூதன் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பவும் தூங்கினான். இரண்டாம் முறை தட்டியெழுப்பிச் சாப்பிடவைத்த பிறகுதான், அந்தப் போஜனத்தின் பலத்தில் 40 நாள் ஓரேப் மலைக்கு நடந்தான். நீங்கள் சரியாகச் சாப்பிட்டுத் தூங்கி எத்தனை நாளாயிற்று? கேட்கத் தயங்காமல், வாரத்தில் ஒரு டயாலிசிஸ் நாளுக்காவது கணவரோடு பஸ்ஸில் போய்வர உங்கள் சபையிலோ அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவான அயல்கூட்டத்திலோ ஒருவரைக் கேளுங்கள். அன்று நீங்கள் தூங்குங்கள். சிகிச்சைச் செலவுக்குக் கேரள அரசின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் உங்கள் குடும்பத்துக்குத் தகுதி உண்டா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

மருத்துவரைக் கேட்காமல் கணவர் உபவாசம் இருக்கவே கூடாது. யார் எந்த வாக்குத்தத்தம் சொன்னாலும் ஒரு டயாலிசிஸையும் விடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டுவரும் இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும். அதை நன்றியோடு வாங்கி நீங்கள் குடித்துவிடுங்கள்.

உங்கள் சபைப் போதகரிடம் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அந்த ஊழியர் மறுபடி வருவதாகச் சொன்னால், போதகர் உங்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச்சொல்லுங்கள். சங்கிலிப் பேச்சை அவர் முன்னால் பேசட்டும்.